அபியின் லேப்டாப் பெட்டியைத் திறந்தது யார்?

எப்போதும் கையில் ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்துக்கொண்டே பேசிய என் அன்பு மாப்ள சேகருக்கு,

உன் மகள் அபிநயாவுக்குச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. நிலவியல், ஐந்தாண்டுப் படிப்பு. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணிமணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலை அங்கே இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் குன்றாண்டார்கோவிலுக்குக் கூட்டிப்போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? எல்லாப் பிள்ளைகளும் குகைக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் சுவரைத் தட்டிப் பார்த்து, "இந்தக் கல்லுக்கு என்ன வயசு டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சர் உன்னைப் பள்ளிக்கு வரச் சொன்னார். ஏதோ புகார் என்று வியர்த்துக்கொண்டே போனாய். வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து வருடம் ஆகும் என்று பல்கலைக்கழகம் இப்போது தெரிவித்திருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. ஒரு லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வந்தேன். சரியாகச் சொன்னால், அந்த லேப்டாப் இருந்த அட்டைப்பெட்டியைப் பற்றி. இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடாமல் அடித்தது அதுதான். கறம்பக்குடியில் லேப்டாப் விஷயம் என்றால் எல்லோரும் உன் ரிப்பேர் கடைக்குத்தான் வருவோம். நீ போய் இரண்டு வருடம் ஆகியும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

சேர்க்கைக் கடிதத்தோடு துறையிலிருந்து ஒரு தாளும் வந்தது. முதல் நாளே ஒவ்வொருவரும் சொந்த லேப்டாப்போடு வர வேண்டும். முதல் வாரம் முழுவதும் வரைபட மென்பொருளில் பயிற்சி. அதன் பிறகு எல்லாப் பாடமும் அதன் மேல்தான் கட்டப்படும். லேப்டாப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். பதினாறு ஜிபி ரேமாம், தனி கிராபிக்ஸ் கார்டாம். நம் ஊரில் மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு கேட்டு நான் பார்த்ததில்லை.

தாய்மாமன் சீராக அதை நான் வாங்கித் தருவது என்று முடிவாயிற்று. நான்தான் முடிவு செய்தேன். கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் காணும். அது பழுதாகி நின்றால் இன்னொன்றுக்கு எனக்கும் வழியில்லை, என் தங்கைக்கும் வழியில்லை. ஆகவே தப்பாக வாங்கக் கூடாது.

நூலகர் என்ற முறையில் நான் முதலில் செய்தது புத்தகம் தேடியது. எங்கள் கிளை நூலகத்தில் கணினி பற்றி நான்கு புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆகப் புதியது, ஃபிளாப்பியை வெயிலில் வைக்கக் கூடாது என்று எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைக் குறித்துக்கொண்டேன். பிறகு ஒரு நோட்டில் கட்டம் போட்டு, பதினோரு லேப்டாப்களின் குணநலன்களை எழுதினேன். அபி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

ஆடி பிறந்த முதல் சனிக்கிழமை, புதுக்கோட்டையில் ஒரு கடைக்கு நான்கு பேர் போனோம். அபி, என் தங்கை சாந்தி, நான், அப்புறம் உன் அக்கா பார்வதி மதினி. மதினியை யாரும் கூப்பிடவில்லை. சந்தையில் காய்கறிக் கடையை அடுத்த கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆலங்குடி வழிப் பேருந்தில் எங்களுக்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார்.

கடை வாசலில் ஆடித் தள்ளுபடி என்று தோரணம் கட்டியிருந்தார்கள். விற்பனையாளர் முதலில் ஒரு கறுப்பு லேப்டாப்பைத் திறந்து வைத்தார்.

"இது வேற லெவலும்மா. கீபோர்டுல ஏழு கலர்ல லைட்டு எரியும்."

"எதுக்கு?" என்றார் மதினி.

"ஒரு லுக்குக்குத்தாம்மா."

"கரண்டு போனா சமையக்கட்டுல வச்சுக்கலாமா?"

அவர் கொஞ்சம் யோசித்து, "வச்சுக்கலாம்மா" என்றார். நேர்மையான மனிதர்.

மதினி அதை ஒரு கையால் தூக்கினார். சந்தையில் பூசணியைத் தூக்கிப் பார்ப்பாரே, அப்படி. "ரெண்டே கால் கிலோ. அதுக்கு மேல ஒரு பிடி கூட இருக்கும்." விற்பனையாளர் அட்டையைத் திருப்பிப் படித்தார். இரண்டு கிலோ முந்நூறு கிராம். "சார்ஜர் வேறயா? அப்ப மூணு கிலோ. புள்ள மலை மலையா ஏறப் போகுது. அங்கிட்டு வைங்க."

அதற்கப்புறம் நடந்ததை நீ இருந்து பார்த்திருக்க வேண்டும். உன் பெயரில் அன்று மூன்று கருத்துகள் பதிவாயின. "அவுக இருந்தா அந்த வெள்ளி நிறத்ததான் எடுத்திருப்பாக. கீழ போட்டாலும் ஒடையாது" என்றாள் சாந்தி. பெரிய ஸ்கிரீன்தான் கண்ணுக்கு நல்லது என்று மாப்ள என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான் என்றேன் நான். நீ சொன்னதில்லை, எனக்குத்தான் படிக்கப் பெரிய எழுத்து பிடிக்கும். "என் தம்பி என்னைக்குக் கனமானதத் தூக்கியிருக்கான்? சின்னதத்தான் எடுப்பான்" என்றார் மதினி. செத்தவனுக்கு ஒரே சமயத்தில் மூன்று விதமான ஆசைகள் இருக்க முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அபி எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா எதையுமே நல்லதுன்னு சொன்னதில்ல. எது எப்பக் கெட்டுப்போகும்னுதான் சொல்லுவாரு." பிறகு விற்பனையாளர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, இதுல எதெது சர்வீசுக்கு அடிக்கடி திரும்பி வருது?"

அவர் முதலாளி உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மேசையில் இருந்த ஏழு லேப்டாப்களில் நான்கைத் தள்ளி வைத்தார். அபி மீதி மூன்றையும் குப்புறக் கவிழ்த்து, அடியில் இருக்கும் திருகுகளைப் பார்த்தாள். பின்னால் ரேம் கூட்ட வழி இருக்கிறதா என்று கேட்டாள். ஒரே ஒரு சாம்பல் நிற லேப்டாப்தான் நின்றது. ஒன்றரைக் கிலோவும் கொஞ்சமும். துறையின் தாளில் கேட்டது அத்தனையும் அதில் இருந்தது. என் நோட்டின் பதினோரு பெயர்களில் அது இல்லை.

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று, மாப்ள.

உள்ளேயிருந்து புதுப் பெட்டியை எடுத்துவந்து வைத்தார்கள். விற்பனையாளர் சீல் ஒட்டிய இடத்தில் கட்டரை வைத்தார். மதினியின் கை பெட்டிமேல் விழுந்தது.

"கைய எடுங்க தம்பி. ஆடி."

"அம்மா, வாங்குறதே ஆடியிலதானம்மா?"

"வாங்குறது வேற. தள்ளுபடி ஆடியிலதான போடுறீக? தொறக்குறது வேற. பெருக்கன்னைக்குத் தொறந்துக்குறோம்."

"இல்லம்மா, ஏதாவது ஃபால்ட்டுன்னா ஏழு நாளைக்குள்ள கொண்டு வந்தாத்தான் இங்க வேற மாத்திக் குடுப்போம். அதுக்கு மேலன்னா கம்பெனி சர்வீசுக்குத்தான் போகணும். ஒரு மாசம்கூட ஆகும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. கட்டிக் குடுங்க."

கணக்கைப் பார். ஏழாம் நாள் என்பது அடுத்த வெள்ளிக்கிழமை, ஆடி பத்து. பெருக்கு ஆடி பதினெட்டு, சனிக்கிழமை. பல்கலைக்கழகத்தில் சேர வேண்டியது பெருக்கு முடிந்து வரும் திங்கள். பெருக்கன்று திறந்து, அதில் ஒரு கோளாறு தெரிந்தால், அபி முதல் நாளே வெறுங்கையோடு போய் நிற்பாள். ஒரு மாதம் கழித்து லேப்டாப் வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். 'ஒன்றும் ஆகாது' என்ற மதினியின் ஒரு சொல்லை நம்பி அந்தப் பெட்டி கறம்பக்குடிக்குப் பேருந்து ஏறியது.

உன் கடைக்குச் சீல் பிரிக்காத பெட்டியோடு வந்தவர்களை நீ எப்படி நடத்துவாய் என்று நான் பார்த்திருக்கிறேன். "வாங்குன கடையிலயே தொறந்து பாத்தீகளா? எல்லாக் கீயையும் ஒரு வாட்டி அமுக்கிப் பாத்தீகளா? பாக்கலையா? அப்ப எதுக்கு வாங்குனீக, பெட்டிக்கா?" எத்தனை பேரிடம் இதைக் கேட்டிருப்பாய்? கடைசியில் உன் மகளின் பெட்டியே சீல் பிரியாமல் உன் வீட்டுக்கு வந்தது. உன் பீரோவுக்குள் போனது. பீரோ சாவியை மதினி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சாவி எங்கிட்ட இருக்கட்டும். இந்த லைப்ரரிக்காரக் கொழுந்தனார நம்ப முடியாது."

ஞாயிற்றுக்கிழமை நான் நூலகத்தின் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆடியில் எந்தெந்த நாள் நல்ல நாள் என்று அதில் அச்சிட்டிருந்ததை மதினிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்தபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "இத அச்சடிச்சவரு வீட்டுல யாரும் சாகலையாக்கும்" என்றார். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. புதன்கிழமைதான் விளங்கியது.

திங்கட்கிழமை அபி நூலகத்துக்கு வந்தாள். "மாமா, எனக்கு ஆடி கீடி எல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா அத்தைகிட்ட என்னால சண்ட போட முடியாது. நீங்க பேசுங்க" என்றாள். ஒரு நகத்தைக் கடித்துக்கொண்டே பேசினாள். எந்த நகம் என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ கவலைப்பட்டால் கடிக்கும் அதே விரல்.

செவ்வாய்க்கிழமை நான் போனபோது மதினி இல்லை. வெண்டை விதை வாங்கப் புதுக்கோட்டைக்குப் போயிருப்பதாகச் சாந்தி சொன்னாள். ஒரு நாள் வீணாயிற்று.

புதன்கிழமை நான் எல்லை மீறினேன். அதை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

"மதினி, கம்ப்யூட்டருக்கு ஆடி தெரியாது. அதோட காலண்டர்ல ஜூலைதான் இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு வழக்கம்போல யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதத்தான அன்னைக்கும் சொன்னீங்க?"

ஆமாம், மாப்ள. அதையேதான் சொன்னேன். நீ பேருந்து நிலையத்தின் பக்கம் புதுக் கடைக்கு மாறியபோது, ஆவணியில் திற என்று மதினி கெஞ்சினார். ஆடியில் திறப்போம் என்றாய் நீ. அழைப்பிதழ் எழுதிக் கொடுத்தது நான். திறப்பு விழாவில் மதினி ஓரமாக நின்றபோது, எல்லோர் முன்னாலும் இந்த வாக்கியத்தைச் சொன்னது நான். எல்லோரும் சிரித்தார்கள். ஆகச் சத்தமாகச் சிரித்தது நீ. புரட்டாசியில் ஒரு மத்தியானம், அந்தக் கடைக்குள்ளேயே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

"ஆடி என்ன பண்ணும்னு கேக்குறீங்க. ஒங்க தங்கச்சி புருசன என்ன பண்ணுச்சு?" என்றார் மதினி. சத்தம் போடவில்லை. கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உன் இதயக் குழாயில் அடைப்பு பல வருடமாக இருந்தது என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். மாதத்துக்கும் அடைப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் மேடை போட்டுப் பேசுவேன். ஆனால் அன்று அந்த முற்றத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீயாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்? உன்னைத்தான் அவர் ஆதாரமாகக் காட்டுகிறார். உன்னால் எப்படி மறுக்க முடியும்?

வியாழக்கிழமையும் போயிற்று.

வெள்ளிக்கிழமை, ஏழாம் நாள், ஆடி வெள்ளி. மாரியம்மன் கோவிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று மதினி காலையிலேயே போய்விட்டார். புதுக்கோட்டைக் கடையை எட்டு மணிக்கு அடைப்பார்கள். போய்ச் சேர இரண்டு மணி நேரம் வைத்தால்கூட, ஆறு மணிக்குள் கறம்பக்குடியில் பேருந்து ஏறியாக வேண்டும். நூலகத்தில் தலைவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்கு உன் வீட்டுக்குப் போனேன். எழுதிக் கொடுத்தபோது அது பொய்; போய்ச் சேர்ந்தபோது உண்மையாகியிருந்தது.

அபி தயாராக இருந்தாள். பீரோவின் இரண்டாவது சாவியை நீ சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணே, வேணாம்ண்ணே" என்றாள் சாந்தி. சொல்லிக்கொண்டே வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி காவலுக்கு நின்றாள். என் தங்கை எப்போதும் இரண்டு கட்சியிலும் உறுப்பினர்.

பெட்டியை உன் படத்துக்கு முன்னால் தரையில் வைத்தோம். அபி பிளேடை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். ஐம்பத்திரண்டு வயதில், நூலகத்தில் பகுத்தறிவு அலமாரியை நானே ஒழுங்குசெய்து வைத்திருக்கும் எனக்கு, ஓர் அட்டைப்பெட்டியின் முன்னால் கை நடுங்கியது. உன் படத்தைப் பார்த்தேன். நீ வழக்கம்போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

"குடுங்க மாமா" என்று அபி பிளேடை வாங்கி, ஒரே இழுப்பில் டேப்பை அறுத்தாள்.

அறுத்தவள் அப்படியே நின்றாள். "மாமா, இது கம்பெனி டேப் இல்ல."

குனிந்து பார்த்தேன். அவள் அறுத்தது அகலமான பழுப்பு நிற டேப். அதன் அடியில் கம்பெனியின் சீல் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. யாரோ திறந்து, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள்.

அபி லேப்டாப்பை வெளியே எடுத்தாள். அதைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. கவிழ்த்து, அடியில் இருக்கும் எண்ணைப் பார்த்தாள். "அப்பா மொதல்ல இதத்தான் பாப்பாரு. பில்ல எடுங்க மாமா." என் பையில் இருந்த பில்லை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். அவள் விரலை வைத்துச் சரிபார்த்தாள். பாதி வரைக்கும் ஒத்துப்போனது. அதற்குப் பிறகு ஓர் எண்கூட ஒத்துப்போகவில்லை.

"இது நாம வாங்குனது இல்ல" என்றாள்.

யாரோ வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்ததை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். அந்த விற்பனையாளரின் நேர்மையான முகம் இப்போது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கான மனுவை மனத்துக்குள் எழுத ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் சீல் உடைந்த பெட்டியை, வேறு எண் உள்ள லேப்டாப்பை, கடைசி நாள் சாயங்காலம் கொண்டுபோய் நீட்டினால் யார் நம்புவார்கள்? நாங்களே மாற்றிவிட்டோம் என்று சொல்ல மாட்டார்களா?

அபி உன் படத்துக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அந்த விரல் மட்டும் வாய்க்குப் போயிற்று.

"மதினி வாராக!" என்றாள் சாந்தி வாசலிலிருந்து. சொல்லி முடிப்பதற்குள் மதினி உள்ளே வந்துவிட்டார். கையில் கூழ்த் தூக்குவாளி. நெற்றியில் பெரிய பொட்டு. பெட்டியைப் பார்த்தார், பிளேடைப் பார்த்தார், அபியின் மடியைப் பார்த்தார். தூக்குவாளியை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"மதினி, நம்மள ஏமாத்திட்டாங்க" என்றேன். "இது வேற லேப்டாப்பு. பில்லுல இருக்கற நம்பர் இதுல இல்ல."

"எப்படி இருக்கும்? இதுக்குப் பில்லு வேற."

மதினி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. பிரித்து அபியிடம் கொடுத்தார். புதுப் பில். அபி எண்ணை வாசித்தாள். கடைசி எழுத்து வரை ஒத்துப்போனது. தேதியைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை.

"வெண்டை விதை?" என்றேன்.

"அதுவுந்தான் வாங்குனேன்."

செவ்வாய்க்கிழமை காலை பீரோவைத் திறந்து, பெட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போயிருக்கிறார். கடையில் போய், ஒவ்வொரு கீயாக அமுக்கச் சொல்லி, எழுத்து வருகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். மதினிக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அமுக்கினால் ஏதாவது ஒன்று வர வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த சட்டம்.

"மேல் வரிசையில ஒண்ணு அமுக்குனா ஒண்ணும் வரல. அந்தத் தம்பி, 'அது அவ்வளவா யூஸ் ஆகாதும்மா'ங்குறான். 'யூஸ் ஆகாதத எதுக்குப்பா வச்சு விக்கிறீக'ன்னேன். வேற பெட்டி எடுத்துட்டு வந்தான். அதுல எல்லாம் வந்துச்சு. பழைய பில்லு கொண்டாரலன்னேன், பெட்டி நம்பரப் பாத்துப் புதுசே போட்டுக் குடுத்தான்."

"ஆடியில தொறக்கக் கூடாதுன்னீங்களே அத்தை?" என்றாள் அபி.

"நீ தொறக்கக் கூடாதுன்னேன். தொறக்குறவுகளுக்குத்தானடி ஆகாது. நான் தொறந்தேன். எனக்கு என்ன, படிச்சுக் கலெக்டராவா ஆகப் போறேன்? அந்தத் தம்பி கட்டர எடுத்தான். நீ வைப்பான்னு வாங்கி நானே அறுத்தேன். ரெண்டு பெட்டியும் நாந்தான் அறுத்தேன். அவனும் புள்ளகுட்டிக்காரன், அவனுக்கு எதுக்கு?"

கூழிலிருந்து சின்ன வெங்காய வாசனை வந்தது.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மதினி" என்றேன்.

"சொல்லிருந்தா, அதான் தொறந்தாச்சேன்னு அன்னைக்கே இவ எடுத்து வச்சுக்கிட்டுத் தட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பா. தொறக்காம வாங்காதேன்னு என் தம்பி ஊருக்கெல்லாம் சொல்லுவான். ஆடியில தொறக்காதேன்னு நான் அவனுக்குச் சொன்னேன். நான் சொன்னத அவன் கேக்கல. அவன் சொன்னதையாச்சும் நான் கேக்கலாம்ல?"

இதை நீ அங்கிருந்து கேட்டாயா, மாப்ள?

பிறகு அவர் பார்வை தரையில் கிடந்த பிளேடுக்குப் போயிற்று. அறுந்த பழுப்பு டேப்பைக் கையில் எடுத்தார். தக்காளிப் பெட்டிக்கு ஒட்டுகிற டேப். மதினியின் முகம் மாறியது. அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் நான் கோபத்தைத்தான் பார்த்திருந்தேன். இப்போதுதான் பயத்தைப் பார்த்தேன்.

"இப்ப இத யாரு தொறந்தா?"

அபி வாயைத் திறந்தாள்.

"நாந்தான்" என்றேன்.

"நாந்தான் மதினி" என்றாள் சாந்தி, அதே நொடியில்.

மதினி எங்கள் இருவரையும் பார்த்தார். "ஒரு பிளேட ரெண்டு பேரும் பிடிச்சீகளாக்கும்?" பிறகு அபியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "நீ தொறக்கலைல?"

அபி என்னைப் பார்த்தாள். நான் மிகச் சிறிதாகத் தலையசைத்தேன்.

"இல்ல அத்தை. மாமாதான்."

மதினி ஒரு நீண்ட மூச்சு விட்டார். "சரி. கொழுந்தனாருக்கு வயசாயிருச்சு. அவரு பாத்துக்குவாரு. எடுத்து உள்ள வையி. கூழ ஆறிப்போகுமுன்ன குடிங்க." என் தம்ளரில் மட்டும் இரண்டு வெங்காயம் கூடுதலாகப் போட்டார். அது அன்பா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆடியை நம்பாத நான், அதன் பலன் மொத்தத்தையும் ஒரே வார்த்தையில் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால், அப்படி ஒன்று இல்லை என்று அவருக்கு விளக்கியிருப்பேன். நல்ல வேளை, நேரம் இல்லை.

நேற்று பெருக்கு. உன் படத்துக்கு மாலை போட்டு, தாம்பாளத்தில் பழம், பூ, மஞ்சள் கயிறு, நடுவில் அந்தப் பெட்டி. புதிதாக ஒரு பழுப்பு டேப். நான் தாய்மாமனாகத் தாம்பாளத்தை எடுத்துக் கொடுத்தேன். அபி பெட்டியைத் திறந்து, "ஐ, சாம்பல் கலரு!" என்றாள். மூன்றாம் முறையாகத் திறக்கப்படும் பெட்டிக்கு அவ்வளவு ஆச்சரியம் கொஞ்சம் அதிகம்தான். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அபி திறப்பது இதுவே முதல் தடவை என்று அவர் நம்பினாரா, நம்பியதுபோல இருந்தாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அபி இன்று காலை மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள். ஓடுகிறது. முதலில் திறந்த வரைபடத்தில் குன்றாண்டார்கோவிலைத் தேடி எடுத்து, "அத்தை, இந்தா பாருங்க, நம்ம கோயில் பாறை" என்று காட்டினாள். மதினி உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தக் கீ எல்லாம் வேல செய்யுதான்னு இன்னொரு வாட்டி அமுக்கிப் பாரு" என்றார். அபி வரிசையாக ஒவ்வொன்றாக அமுக்கினாள். மதினி விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு நாள் லேசாக நெஞ்சு எரிந்தது. கூழில் போட்ட வெங்காயம் காரணமாக இருக்கும். சாந்திக்குத் தெரியாமல் போய் ஈசிஜி எடுத்துப் பார்த்தேன். நீயும் அப்போது ஒன்று எடுத்திருக்கலாம், மாப்ள. அதை உன்னிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று எனக்கு நகைச்சுவைதான் முதலில் வந்தது.

ஆவணி முதல் தேதி, விடிந்ததும் விடியாததுமாக, மதினியிடம் போய்ப் பெட்டியைத் திறந்தது யார் என்ற உண்மையைச் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவர் திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அச்சிடும் சிறுபத்திரிகைக்காரர்களிடமும் ஆவணிக்கு முன்னால் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரைக்கும் உன் அக்கா கனவில் நீ வந்தாலும், அந்தப் பிளேடைப் பற்றி வாயைத் திறக்காதே.

பிளேடைப் பிடிக்கும்போது கை நடுங்கிய,
உன் மச்சான்,
அபியின் தாய்மாமன்.